சவாயித் தீவின் இரண்டு ஊசிகளும் 83 மரணங்களும்

பசிபிக் பெருங்கடலில் உள்ள சமோவா நாட்டின் சவாயித் தீவில், வடக்குக் கடற்கரையோரம் சஃபோட்டு என்றொரு கிராமம். அங்கே ஒரு சிறிய அரசு மருத்துவமனை. 2018 ஜூலை 6 அன்று, ஒரு வயதுக் குழந்தைகள் இருவரை அவர்களுடைய வீட்டார் தடுப்பூசிக்காக அங்கே தூக்கி வந்தார்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசி. போட்ட சில நிமிடங்களில் முதல் குழந்தை இறந்தது. அதன் பிறகும் ஊசி போடுவது நிற்கவில்லை. அதே நாளில் இரண்டாவது குழந்தைக்கும் போட்டார்கள். அதுவும் இறந்தது.

இது நடந்து ஒன்றரை ஆண்டு முடிவதற்குள் அந்த நாட்டில் 83 பேர் தட்டம்மையால் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுகூட ஆகாதவர்கள். ஒரே வீட்டில் மூன்று குழந்தைகளைப் புதைத்த பெற்றோரும் உண்டு. சமோவாவின் மொத்த மக்கள்தொகையே சுமார் 2 லட்சம்தான். அந்த விகிதத்தைத் தமிழ்நாட்டின் 2011 கணக்கெடுப்பு மக்கள்தொகையான 7.2 கோடிக்குக் கணக்கிட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட 30,000 உயிர்கள். அந்தச் சின்ன நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது அப்போதுதான் புரியும்.

இரண்டு குழந்தைகளின் சாவு 83 பேரின் சாவுக்கு எப்படி வழிவிட்டது? நடுவில் இருந்த காலத்தில் மருத்துவமனையும் அரசும் மக்களிடம் என்ன பேசின, என்ன பேசாமல் விட்டன என்பதில்தான் அதற்கான பதில் இருக்கிறது.

குப்பிக்குள் நடந்த தவறு

எம்.எம்.ஆர். தடுப்பூசி திரவமாக வருவதில்லை. சிறு கண்ணாடிக் குப்பியின் அடியில் உலர்ந்த பொடியாக ஒட்டியிருக்கும். அதைக் கரைப்பதற்கான நீர் வேறொரு குப்பியில் வரும். செவிலியர் அந்த நீரை ஊசிக்குழலில் இழுத்து, பொடி இருக்கும் குப்பிக்குள் செலுத்தி, கரைந்ததைப் பார்த்துவிட்டு அரை மில்லி எடுத்துப் போடுவார். ஒரு நாளைக்குப் பல முறை, கை தானாகச் செய்துவிடும் வேலை.

சஃபோட்டுவில் அந்த நீருக்குப் பதிலாகக் கலக்கப்பட்டது, காலாவதியான ஒரு தசைத் தளர்த்தி மருந்து. அறுவை சிகிச்சைக் கூடத்தில் மயக்க மருந்து நிபுணர் கையாளுவது அது. மூச்சுக்கு உதவும் தசைகளையும் சேர்த்தே அது செயலிழக்கச் செய்யும். செயற்கை சுவாசக் கருவி பக்கத்தில் இல்லாவிட்டால் நோயாளி பிழைக்க மாட்டார்.

உலகத்தில் எங்குமே நடக்காத தவறு என்று இதைச் சொல்ல முடியாது. 2014 செப்டம்பரில் சிரியாவின் இட்லிப் பகுதியில் தட்டம்மைத் தடுப்பூசி முகாம் ஒன்றில் இதே வகை மருந்து கரைப்பு நீருக்குப் பதிலாகக் கலக்கப்பட்டு 15 குழந்தைகள் இறந்தார்கள். இத்தகைய தசைத் தளர்த்திகளில் சிலவற்றைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். தடுப்பூசியையும் அங்கேதான் வைக்கிறோம். ஒரே அளவுள்ள சின்னக் குப்பிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கை மாறிப்போகும். அதனால்தான் தடுப்பூசிப் பெட்டியில் வேறு எந்த மருந்தையும் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. தவறு செவிலியரின் கையில் நடந்தது உண்மை. அந்தக் காலாவதிக் குப்பி அவர் கைக்கு எட்டும் இடத்துக்கு எப்படி வந்தது, முதல் குழந்தை இறந்ததும் வேலையை நிறுத்தச் சொல்ல அங்கே யார் இருந்தார்கள் என்பவை நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள்.

அரசு அப்போது நாடு முழுவதும் எம்.எம்.ஆர். தடுப்பூசியை நிறுத்தியது. சில நாட்கள் நிறுத்திச் சரிபார்ப்பது முறைதான். ஆனால் அந்த நிறுத்தம் சுமார் பத்து மாதம் நீடித்தது. இரண்டு செவிலியர்கள் மீது வழக்குப் போடப்பட்டது. அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2019 ஆகஸ்டில் ஆளுக்கு ஐந்து ஆண்டு சிறைத்தண்டனை. நடந்ததன் முழு விவரம் மக்கள் காதுக்கு எட்டியது நீதிமன்றத்தின் வழியாகத்தான். அதற்குள் ஓராண்டு ஓடிவிட்டது.

அந்த ஓராண்டில், மருந்தில் குறையில்லை, கரைத்ததில்தான் தவறு என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அரசே பத்து மாதம் நிறுத்திவைத்த ஒரு தடுப்பூசியைப் பற்றி ஒரு தாய் என்ன நினைப்பார்? 'ஏதோ இருக்கிறது, மறைக்கிறார்கள்' என்றுதானே நினைப்பார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரே மருத்துவமனை, ஒரே ஊர்

பெருநகரத்தில் ஒரு மருத்துவமனை மேல் நம்பிக்கை போனால் இன்னொன்றுக்குப் போகலாம். தீவில் அது நடக்காது. சவாயியிலிருந்து தலைநகர் அபியாவுக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் படகுப் பயணம், அக்கரையில் இறங்கி மீண்டும் சாலைப் பயணம். ஆக, உள்ளூர் மருத்துவமனையை நம்பாதவர் பெரும்பாலும் மருத்துவமனைக்கே போகாதவர் ஆகிவிடுகிறார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிறிய சமூகத்தில் செவிலியர் யாரோ ஒருவர் அல்லர். யாருடைய அக்காவோ, சித்தியோ, தேவாலயத்தில் பக்கத்து வரிசையில் உட்காருபவரோ. சமோவாவின் பாரம்பரிய வீடுகளுக்குச் சுவரே கிடையாது, தூண்களும் கூரையும்தான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? அதே சமயம், முகம் தெரிந்தவரைப் பற்றி எழுந்து நின்று புகார் சொல்லவும் கூச்சம். விவரம் அதிகாரபூர்வமாக வராதபோது, அந்தக் கூச்சத்துக்கும் பயத்துக்கும் இடையே வதந்தி வளர்ந்துவிடுகிறது.

இத்தனைக்கும் நம்பிக்கையைக் கட்டிக்காக்கும் ஓர் அருமையான ஏற்பாடு சமோவாவில் முன்பே இருந்தது. 1920களிலிருந்து அங்கே ஊருக்கு ஊர் பெண்கள் குழுக்கள் உண்டு. மாவட்டச் செவிலியர் வரும் நாளில் அந்தப் பெண்களே குழந்தைகளைத் திரட்டுவார்கள், எடை பார்க்க உதவுவார்கள், வராத வீட்டைத் தேடிப்போய் விசாரிப்பார்கள். அரசாங்க மருத்துவமும் ஊரும் ஒன்றையொன்று கேள்வி கேட்கக்கூடிய இடமாக அந்தக் குழுக்கள் இருந்தன. காலப்போக்கில் அவற்றின் பங்கு சுருங்கிப்போனது. தடுப்பூசி போட்டுக்கொள்ளும் விகிதமும் 2018க்கு முன்பே சரியத் தொடங்கியிருந்தது. சஃபோட்டு சம்பவத்துக்குப் பிறகு அது அதலபாதாளத்துக்குப் போனது: 2018ஆம் ஆண்டுக் கணக்கில் முதல் தவணை போட்ட குழந்தைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். தட்டம்மையைத் தடுத்து நிறுத்த 95 சதவீதம் தேவை.

சிவப்புத் துணி

2019இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் தட்டம்மை பரவியது. சமோவா மக்களில் ஏராளமானோர் அங்கே வாழ்கிறார்கள். விமானங்கள் போய்வந்தபடி இருக்கும். அக்டோபரில் சமோவா தொற்றை அறிவித்தது. நவம்பர் 15 அன்று அவசரநிலை. பள்ளிகள் மூடப்பட்டன. அபியாவின் பெரிய மருத்துவமனை குழந்தைகளால் நிரம்பி, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து மருத்துவர்களும் செவிலியர்களும் வந்து சேர்ந்தார்கள். மொத்தம் 5,700 பேருக்கு மேல் நோய் கண்டது.

அந்த நேரத்திலும் பலர் மருத்துவமனைக்குத் தாமதமாகவே வந்தார்கள். காரத்தன்மை கொண்ட தண்ணீரைத் தெளித்தால் குணமாகும் என்று விற்றவர்களிடம் குழந்தைகளைக் கொண்டுபோனவர்கள் இருந்தார்கள். வெளியிலிருந்தும் தூபம் போடப்பட்டது. பின்னாளில் அமெரிக்காவின் சுகாதாரத் துறைச் செயலரான ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் 2019 ஜூனில் சமோவாவுக்கு வந்து தடுப்பூசி எதிர்ப்பாளர்களைச் சந்தித்தார். நவம்பரில், குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த வாரங்களில், தடுப்பூசியே காரணமாக இருக்குமோ என்று ஐயம் கிளப்பிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இந்தப் பேச்சு எடுபட்டதற்குக் காரணம், சந்தேகம் ஏற்கெனவே ஊருக்குள் இருந்ததுதான்.

டிசம்பர் 5, 6 ஆகிய இரு நாட்கள் அரசு நாட்டையே மூடியது. அரசு ஊழியர்கள் தடுப்பூசிக் குழுக்களோடு வீடு வீடாகப் போனார்கள். வீட்டில் தடுப்பூசி போடாதவர் இருந்தால் வாசலில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டது. நம் ஊரில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள், 'உள்ளே வராதீர்கள்' என்று அதற்குப் பொருள். அங்கே கட்டிய சிவப்புத் துணிக்குப் பொருள், 'எங்கள் வீட்டுக்கு வாருங்கள்'. சாலையோரம் மரக்கிளைகளிலும் தூண்களிலும் அந்தத் துணிகள் ஆடின. டிசம்பர் இறுதிக்குள் தடுப்பூசி விகிதம் சுமார் 95 சதவீதத்தை எட்டியது. மக்கள் எப்போதும் தடுப்பூசியை வெறுத்தவர்கள் அல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அதே மாதங்களில் டோங்காவிலும் நியூசிலாந்து சென்று திரும்பிய ரக்பி அணி வழியாகத் தட்டம்மை நுழைந்தது. நூற்றுக்கணக்கானவர்களுக்கு நோய் வந்தது. ஃபிஜியிலும் வந்தது. இரண்டு நாடுகளிலும் தடுப்பூசி விகிதம் உயர்ந்திருந்தது. ஒருவர்கூட இறக்கவில்லை.

கேட்கப்பட்ட விசாரணை

தொற்று அடங்கியதும், நடந்தது அனைத்தையும் ஆராயச் சுயேச்சையான விசாரணை வேண்டும் என்று உள்ளூரிலும் வெளிநாட்டிலும் குரல் எழுந்தது. பிரதமர் துயிலேபா சைலேலே மலியேலேகாயின் அரசு அதை ஏற்கவில்லை.

சமோவாவின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது இன்னும் வலிக்கும். 1918 நவம்பரில் ஆக்லாந்திலிருந்து வந்த தலூன் என்ற கப்பல், காய்ச்சல் கண்ட பயணிகளோடு அபியாவில் அனுமதிக்கப்பட்டது. ஃப்ளூ காய்ச்சலில் சுமார் 8,500 பேர், அதாவது ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். அருகிலேயே உள்ள அமெரிக்க சமோவா கப்பல்களைத் தனிமைப்படுத்தியது. அங்கே ஒரு சாவும் இல்லை. அன்று நாட்டை ஆண்டது நியூசிலாந்து ராணுவ நிர்வாகம். அந்த அந்நிய ஆட்சிகூட 1919இல் விசாரணைக் குழுவை அமைத்தது. நிர்வாகத்தின் தவறுகள் பதிவாயின. 2002இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் சமோவாவுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். அந்நிய ஆட்சி செய்ததைச் சொந்த அரசு செய்ய மறுத்தது பெரும் பிழை. இரண்டு செவிலியர்களைச் சிறைக்கு அனுப்பியதோடு கணக்கு முடிந்தது என்று ஒரு சுகாதாரத் துறை நினைத்தால், அடுத்த குப்பி கை மாறுவதைத் தடுக்க அது எதையும் செய்யவில்லை என்றுதான் பொருள்.

நமக்கும் இது அந்நியமான கதை இல்லை. 2008 ஏப்ரல் 23 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு, துணை சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் போட்டுவந்த தடுப்பூசியை, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அரசு மாற்றியது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் கைக்குழந்தையோடு பஸ் ஏற வேண்டியிருந்த தாய்மார்களுக்கு அது தூரமாகிப்போனது. தேசிய குடும்பநல ஆய்வின்படி 2005-06இல் தமிழ்நாட்டில் 81 சதவீதக் குழந்தைகளுக்கு அடிப்படைத் தடுப்பூசிகள் முழுமையாகக் கிடைத்தன. 2015-16இல் அது 70 சதவீதம்.

அடுத்த முறை உங்கள் குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோகும்போது, குப்பியைக் காட்டும்படி செவிலியரிடம் கேளுங்கள். என்ன தடுப்பூசி, காலாவதித் தேதி என்ன, எத்தனை மணிக்குக் கரைத்தது என்று பாருங்கள். கரைத்த நேரத்தைக் குப்பியின் மேல் எழுத வேண்டும் என்பது விதி. நான்கு மணி நேரம் கடந்திருந்தால் அதைப் போடக் கூடாது. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். இதையெல்லாம் கேட்பது உங்கள் உரிமை. கேட்டுவிட்டு, தடுப்பூசியைப் போட்டுக்கொண்டே வீடு திரும்புங்கள்.