பலாலியிலிருந்து 355 கிலோமீற்றர்

யாழ்ப்பாணத்துப் பலாலி ஓடுபாதைக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 355 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து தரைவழியே கொழும்புக்குப் போகும் தூரத்தைவிட இது குறைவு. எங்கள் ஆச்சி காலத்திலும் இதே தூரம்தான்.

ஆச்சி மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போன கதையை வாழ்நாள் முழுக்கச் சொன்னார். இரவு ரயில் ஏறி, மதவாச்சியில் மாறி, விடியத் தலைமன்னார் இறங்குதுறை. அங்கிருந்து 'கோஷன்' கப்பல். அக்கரையில் தனுஷ்கோடி, சுங்கப் பரிசோதனை, பிறகு போட் மெயில் ரயில். கொண்டுபோனது பனங்கட்டி, ஒடியல். கொண்டுவந்தது பட்டுச்சேலை, வெண்கலப் பானை. கையில் காசு உள்ளவர்களுக்கு ஆகாயமும் திறந்திருந்தது. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் விமானமே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. அதன்பின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் போரோடு நின்றது.

பிறகு வந்ததுதான் நீண்ட பயணம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நோயாளியைச் சென்னைக்குக் கொண்டுபோவதென்றால் முதலில் தெற்கே போகவேண்டும். ஆனையிறவுத் தரைவழி மூடிக்கிடந்தது. கிளாலிக் கரையில் இருட்டில் வள்ளம் ஏறி, சூடு விழாத இரவாக இருக்கவேண்டுமென்று நேர்ந்துகொண்டு நீரேரியைக் கடப்பார்கள். வவுனியாவில் சோதனை, கொழும்பில் லொட்ஜ், பொலிஸ் பதிவு, விசாவுக்குக் காத்திருப்பு. கடைசியில் கட்டுநாயக்காவில் விமானம் ஏறி மறுபடி வடக்கே 650 கிலோமீற்றர். 355 கிலோமீற்றரில் இருக்கும் ஊருக்கு ஆயிரத்துக்கு மேல் சுற்றினோம். நாட்கணக்கில் போனது, சிலருக்குக் கிழமைக்கணக்கில். வழியிலேயே உயிர் போனவர்களும் உண்டு. அந்த ஆண்டுகளில் பாக்கு நீரிணை எங்களுக்குக் கடலாக இல்லை, மதிலாக இருந்தது.

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. நவம்பரில் சென்னையிலிருந்து சிறிய ஏடிஆர் விமானச் சேவை தொடங்கியது. பெருந்தொற்றில் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசம்பரில்தான் திரும்பியது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரம். 2025 மார்ச்சில் திருச்சிக்கும் வான்வழி திறந்தது.

சென்னைக்கு இப்போது ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். காலைச் சாப்பாடு வீட்டில், மத்தியானம் சென்னையில் மருத்துவர் முன்னால். முன்பு கிளாலி வழியாகப் போனவர்களுக்கு இந்த நேரம் என்ன பெறுமதி என்று தெரியும். ஆனால் பலாலி ஓடுபாதையைச் சுற்றிய நிலத்திலிருந்து 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களில் பலரின் காணி இன்னும் இராணுவ வேலிக்குள்தான் கிடக்கிறது. விமானம் இறங்குகிறது; காணிக்காரரால் இறங்க முடியவில்லை. இதையும் சேர்த்துச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

தமிழ்நாட்டிலிருந்து யாழ்ப்பாணம் வர நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழக்கத்தில் கொழும்புக்குச் சீட்டு எடுக்காதீர்கள். பலாலிக்கு, இல்லையென்றால் காங்கேசன்துறைக்கு எடுங்கள். இருக்கைகள் நிரம்பினால்தான் இந்த வழி நிலைக்கும்.