தற்காப்பு அமைப்பு (அமெரிக்கக் காற்பந்தாட்டம்)

அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் தற்காப்பு அமைப்பு என்பது, எதிரணி பந்தை முன்னகர்த்துவதைத் தடுப்பதற்காக ஓர் அணியின் 11 தற்காப்பு ஆட்டக்காரர்களும் எங்கே நிற்க வேண்டும், ஒவ்வொருவரும் எதற்குப் பொறுப்பு என்பவற்றை வகுக்கும் திட்டம் ஆகும். எல்லா அணிகளுக்கும் பொருந்தும் சிறந்த அமைப்பு என ஒன்று இல்லை. கையில் இருக்கும் ஆட்டக்காரர்களின் எடை, வேகம், திறன் ஆகியவற்றைப் பொறுத்தே ஓர் அமைப்பு வெற்றி பெறுகிறது அல்லது தோற்கிறது.

4-3, 3-4 அமைப்புகள்

இவ்விரு பெயர்களிலும் முதல் எண் முன்வரிசையில் நிற்போரையும், இரண்டாவது எண் அவர்களுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களையும் குறிக்கும். எஞ்சிய நால்வர் பின்களக் காப்பாளர்கள்.

4-3 அமைப்பில் முன்வரிசையினர் நால்வரும் பெரும்பாலும் ஆளுக்கோர் இடைவெளியை ஊடுருவிச் சென்று குவார்ட்டர்பேக்கைத் தாக்க முயல்வர். ஆகவே அவர்களுக்கு எடையைவிட முதல் அடியின் வேகமே முதன்மையானது. மரபான 3-4 அமைப்பு இதற்கு நேர்மாறானது. அதில் நடுவே நிற்கும் நோஸ் டேக்கிள், தன் இருபுறமும் உள்ள இடைவெளிகளைக் காத்து, எதிரணியின் இரு தடுப்பாளர்களைத் தன்மீதே தாங்கிக்கொள்ள வேண்டும். 150 கிலோகிராம் அளவு எடையுள்ளவர்கள் இவ்விடத்துக்குத் தேடப்படுவது இதனாலேயே. அவர் புள்ளிவிவரங்களில் பெரிதாக இடம்பெறுவதில்லை. அவர் தாங்கி நிற்பதால் தடையின்றி ஓடும் லைன்பேக்கர்களே பெயர் பெறுகின்றனர். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லர் இத்தகைய வெளிப்புற லைன்பேக்கர்களுள் புகழ்பெற்றவர்.

டாம்பா 2

1996 இல் டாம்பா பே பக்கனியர்ஸ் அணியின் தலைமைப் பயிற்றுநரான டோனி டஞ்சியும், தற்காப்புப் பயிற்றுநர் மான்டி கிஃபினும் வளர்த்தெடுத்த முறை இது. டஞ்சி 1970களில் ஆடிய பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் தற்காப்பு முறையிலேயே இதன் வேர்கள் உள்ளன.

இதில் இரு சேஃப்டிகள் களத்தின் ஆழத்தை இரண்டாகப் பங்கிட்டுக் காப்பர். அவர்களிடையே விழும் வெளியை நடு லைன்பேக்கர் பின்னோக்கி ஓடி அடைக்க வேண்டும். கனமான, மெதுவான ஒருவரால் இது இயலாது. கார்னர்பேக்குகளோ அருகிலுள்ள பகுதியை மட்டும் காப்பதால், மிக விரைவாக ஓடுபவர்களாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. பந்தின் போக்கை ஊகிப்பதும் ஆளைப் பிடித்து வீழ்த்துவதும் போதும். ரோண்டே பார்பர் அவ்வகையில் மிகப் பொருந்தினார். வாரன் சாப் முன்வரிசையிலிருந்தே குவார்ட்டர்பேக்கை நெருக்கியதால் கூடுதல் ஆள் அனுப்பத் தேவை குறைந்தது. டஞ்சி 2001 பருவத்துடன் நீக்கப்பட்டார். எனினும் அவர் விட்டுச்சென்ற தற்காப்பே, 2003 சனவரியில் நடந்த சூப்பர் பவுலில் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியிடமிருந்து ஐந்து முறை பந்தை இடைமறித்து 48-21 என வென்றது.

46 தற்காப்பு

இப்பெயரிலுள்ள எண்களை மேலே கூறியவாறு நான்கு, ஆறு எனப் பிரித்துப் பொருள் கொள்வது தவறு. சிகாகோ பெயர்ஸ் அணியின் சேஃப்டி டக் பிளாங்க் அணிந்த சட்டை எண் அது. பட்டி ரயன் உருவாக்கிய இம்முறையில் எட்டுப் பேர் வரை முன்வரிசையை ஒட்டி நிற்பர். இதனைக் கொண்டு சிகாகோ 1985 பருவத்தின் சூப்பர் பவுலில் 46-10 என வென்றது. ஆனால் பின்களத்தில் ஆள் குறைவு என்பதே இதன் விலை. அப்பருவத்தில் அவ்வணியின் ஒரே தோல்வி, டான் மரீனோ பந்தெறிந்த மயாமி டால்பின்ஸ் அணியிடம் 38-24 என்ற கணக்கில் நேர்ந்தது.

அமைப்பு மாறும்போது

கிரீன் பே பேக்கர்ஸ் அணி 2009 இல் 4-3 இலிருந்து டாம் கேப்பர்ஸ் என்ற பயிற்றுநரின் 3-4 முறைக்கு மாறியது இதற்குத் தெளிவான சான்று. முன்வரிசையின் ஓரத்தில் கையைத் தரையில் ஊன்றிப் பாய்ந்த ஏரன் கேம்ப்மன், 2006 இல் 15.5 முறை குவார்ட்டர்பேக்கை வீழ்த்தியிருந்தார் (இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை எனக் கணக்கிடுவர்). புதிய அமைப்பில் அவர் நின்றபடி ஆடும் வெளிப்புற லைன்பேக்கர் ஆக்கப்பட்டார். சில வேளைகளில் பின்வாங்கிப் பந்து பெறுவோரையும் காக்க வேண்டியதாயிற்று. முழங்கால் காயத்தால் இடையிலேயே முடிந்த அப்பருவத்தில் அவரது எண்ணிக்கை 3.5 மட்டுமே. அடுத்த ஆண்டு அவர் ஜாக்சன்வில் அணிக்குச் சென்று தமது பழைய இடத்திலேயே ஆடினார்.

அதே மாற்றம் பிறருக்கு நன்மையாக அமைந்தது. புதிய முறைக்கெனவே 2009 தெரிவில் நோஸ் டேக்கிள் பி. ஜே. ராஜியையும் வெளிப்புற லைன்பேக்கர் கிளே மாத்யூசையும் அணி எடுத்தது. களத்தின் பல இடங்களில் நிறுத்தப்பட்ட சார்லஸ் உட்சன், ஒன்பது இடைமறிப்புகளுடன் அவ்வாண்டின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரராகத் தெரிவானார். 2011 பெப்ரவரியில் கிரீன் பே சூப்பர் பவுலை வென்றது. அமைப்பு மாற்றத்தை வெற்றி என்று எழுதும் நூல்கள் கேம்ப்மனையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இன்றைய நிலை

பந்தெறியும் ஆட்டம் பெருகிவிட்டதால், இன்று பெரும்பாலான அணிகள் ஒரு லைன்பேக்கரையோ முன்வரிசையினரையோ குறைத்து, ஐந்தாவது பின்களக் காப்பாளரைச் சேர்க்கும் 'நிக்கல்' அமைப்பிலேயே மிகுதியாக ஆடுகின்றன. இதனால் 4-3, 3-4 என்ற பாகுபாடு முன்போல் கூர்மையாக இல்லை.