விண்கல் தேடும் அன்பர்களுக்கு

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்து பங்குமனைக்குத் திரும்பினேன். மாமல்லபுரம் கடலோரத்து மீனவர் ஒருவர் தம் மகனுடன் காத்திருந்தார். மகன் கல்லூரி மாணவன். கல் சேர்ப்பதில் ஆர்வமுள்ளவன். துணியில் சுற்றிய கறுத்த கல்லொன்றை மேசைமேல் வைத்தான்.

"சாமி, இது விண்கல்லாம். ஒரு கோடி பெறுமாம். சோதித்துச் சான்று வாங்க 40,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார்கள். அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள்" என்றான். தந்தை தலைகுனிந்து நின்றார்.

இந்த ஆசை காரணமின்றி எழுவதன்று. 2025 ஜூலையில் நியூயார்க் ஏலமொன்றில், செவ்வாய்க் கோளிலிருந்து வந்த 24 கிலோவுக்கு மேற்பட்ட கல் சுமார் 53 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அது கிடைத்தது ஆப்பிரிக்காவில், நைஜர் நாட்டுப் பாலைவனத்தில். மேனாடுகளில் கம்பு நுனியில் காந்தம் கட்டிக்கொண்டு பொழுதுபோக்காக விண்கல் தேடுவோர் உண்டு. அவர்கள் பெரிதும் நாடுவது வறண்ட நிலங்களையே. அண்டார்க்டிகாப் பனிவெளியிலிருந்து மட்டும் விஞ்ஞானிகள் 40,000-க்கு மேற்பட்ட விண்கற்களைத் திரட்டியுள்ளனர். வெண்பனியில் கருங்கல் கண்ணுக்குத் தப்பாது. கடுங்குளிரில் அது எளிதில் சிதைவதுமில்லை. நம் கடலோரமோ உப்புக்காற்றும் மழையும் உடையது. விண்கல்லின் இரும்பு இங்கே விரைவில் துருவேறிவிடும். பல்லாவரம் குன்றுகளின் சார்னகைட் பாறையோ இயல்பாகவே கருமை கலந்தது. கறுத்த கல்லெல்லாம் வானத்துக் கல்லன்று.

பின் உண்மை விண்கல்லை அறிவது எங்ஙனம்? காற்றுவெளியில் எரிந்து வருவதால் அதன்மேல் மெல்லிய கரும்புறணி படிந்திருக்கும். அதே அளவுள்ள சாதாரணக் கல்லைவிடப் பெரும்பாலும் கனமாயிருக்கும். காந்தம் ஈர்க்கும். உடைந்த பக்கத்தில் உலோகப் பொட்டுகள் மின்னும். குமிழித் துளைகள் அநேகமாக இரா. மாணவன் கொணர்ந்த கல்லைக் காந்தம் ஈர்த்தது. ஆயினும் அதில் இட்லியைப்போல் துளைகள் மலிந்திருந்தன. நிலவியல் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினோம். பழைய உலையில் கழித்த இரும்புக் கிட்டம் என்றார் அவர்.

தமிழகத்தில் விண்கல் விழாமலில்லை. 1857 பிப்ரவரி 28-இல் மதுரைக்கு அருகே பெருங்கற்கள் விழுந்தன. 1898-இல் கிடைத்த இரும்பு விண்கல்லொன்று 'கோடைக்கானல்' என்ற பெயராலேயே விஞ்ஞான நூல்களில் வழங்குகிறது. 2008 செப்டம்பர் 12-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விழுந்தது சுமார் 110 கிலோ. இத்தகைய கற்களே சூரிய குடும்பம் தோன்றிய சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தியை நமக்குச் சொல்கின்றன. ஆகையால் நம் நாட்டில் விண்கற்களைப் பேணும் பொறுப்பு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிடம் உள்ளது. ஐயத்துக்குரிய கல் கிடைப்பின், வட்டாட்சியர் அலுவலகத்தில் தெரிவிப்பதே முறை. 1492-இல் ஐரோப்பாவில் என்சிசைம் என்னும் ஊரில் விழுந்த கல்லை மக்கள் உடைத்தெடுக்கத் தொடங்கவே, அதிகாரிகள் தடுத்து, ஊர்க் கோவிலில் வைத்துக் காத்தனர். ஒருவர் கைக்குப் போகாமல் எல்லாருக்கும் எஞ்சியது அக்கல்.

நம் பக்கத்திலும் ஒரு சான்று உண்டு. 1863 மே 30-ஆம் நாள், அதே ஆய்வுத் துறையின் அலுவலர் ராபர்ட் புரூஸ் ஃபுட், பல்லாவரத்தில் சரளைக் குழியொன்றில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அது பொன்னுமன்று, மணியுமன்று. ஆயினும் இந்நாட்டில் பழங்கற்கால மனிதர் வாழ்ந்தனர் என்பதை உலகுக்கு உணர்த்தியது.

பெற்றோர்களே, பிள்ளைகள் கல் பொறுக்கட்டும், தடுக்காதீர்கள். கண்ணைத் திறக்கும் நல்ல பழக்கம் அது. ஆனால் விண்கல் என்றும், இரிடியம் என்றும் சொல்லி முன்பணம் கேட்பவர் எவராயினும், அவருக்கு ஒரு காசும் கொடாதீர்கள். மெய்யாக விலைகொடுத்து வாங்க வருபவன் விற்பவனிடம் பணம் கேட்பானா?

சங்கிலி அந்தத் தாயின் கழுத்துக்குத் திரும்பிற்று. மாணவன் இன்றும் மாலையில் காந்தத்துடன் கடலோரம் நடக்கிறான். இப்பொழுது அவன் கேட்பது, "இது எவ்வளவு பெறும்?" என்றல்ல, "இது என்ன கல், சாமி?" என்றே.