குளமும் வாய்க்காலும் இசையும்

கந்தளாய்க் குளக்கட்டின்மீது நின்று நோக்குவோருக்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். குளத்தில் நீர் நிறைந்திருந்தால் மட்டும் வயல் விளைந்துவிடாது. மதகு செவ்வனே அமைதல் வேண்டும். ஒவ்வொரு வாய்க்காலும் தன் அளவுக்கேற்ற நீரையே சுமத்தல் வேண்டும். மோட்டார் வண்டியிற் பாட்டுக் கேட்பதற்கும் இவ்வுண்மை பொருந்தும் என்றால் வாசகர்கள் வியப்படையலாம்.

1930ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மோட்டரோலா வானொலி வண்டிகளில் ஏறியபோது, ஒரே ஒலிபெருக்கியே போதியதாயிருந்தது. இன்று ஹபரணையிலிருந்து கந்தளாய் வழியே திருகோணமலைக்கு விரையும் வான்கள் பலவற்றில் நான்கு ஒலிபெருக்கிகளும், போதாக்குறைக்குப் பின்புறத்திலே சப்வூபர் எனும் பெரும் பெட்டியும் இருக்கின்றன. மனிதச் செவி 20 முதல் 20,000 ஹேட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கேட்கும். அவற்றுள் ஏறத்தாழ 80 ஹேட்சுக்குக் கீழ்ப்பட்ட முழக்கத்தைத் தருவதே சப்வூபரின் தொழில்.

இவற்றுக்கெல்லாம் வலுவூட்டுவது பல வாய்க்கால் விரியலாக்கி. கடைக்காரர் அம்ப்ளிபையர் என்பதும் இதுவே. பற்றறி குளமாயின், விரியலாக்கி மதகு, ஒலிபெருக்கிகள் வயல்கள்.

நான்கு வாய்க்கால்களே உள்ள விரியலாக்கியில் ஐந்து ஒலிபெருக்கிகளை இணைப்பது எங்ஙனம்? மாணவர்கள் இங்கே ஓமின் விதியை நினைவுகூர்க. இடப்பக்கத்து முன், பின் ஒலிபெருக்கிகள் இரண்டையும் சமாந்தரமாய் முதல் வாய்க்காலில் இணைக்கலாம். நான்கு ஓம் உடைய இரண்டு சமாந்தரமானால் இரண்டு ஓம் ஆகும். வலப்பக்கத்துக்கும் அவ்வாறே. எஞ்சிய இரு வாய்க்கால்களையும் ஒன்றுசேர்த்து, நான்கு ஓம் சப்வூபருக்கு அளிக்கலாம். அப்போது அவ்விரு வாய்க்கால்களில் ஒவ்வொன்றும் இரண்டு ஓம் சுமையையே உணரும். ஆதலின், விரியலாக்கி இரண்டு ஓமைத் தாங்குமா என்பதை முதலில் அதன் குறிப்பேட்டிற் பார்த்தல் வேண்டும். இதனை அறியாது இரண்டு ஓம் சப்வூபரை அங்கே இணைப்போர், தம் விரியலாக்கியைத் தாமே எரிப்போராவர்.

அடுத்தது மின்னோட்டம். 400 உவாற்று வெளியிடும் விரியலாக்கியின் வினைத்திறன் 80 வீதமாயின், அது பற்றறியிலிருந்து 500 உவாற்றைப் பெறும். 12.5 வோல்ற்றில் இது 40 அம்பியராகும்! வீட்டிலே 100 உவாற்று மின்குமிழ் அரை அம்பியருக்கும் குறைவாகவே பெறுகின்றது என்பதை ஒப்புநோக்குக. 40 அம்பியர் செல்லும் கம்பியில், தளர்ந்த இணைப்பொன்றின் தடை 0.02 ஓம் மட்டுமே எனினும், அங்கே 32 உவாற்று வெப்பம் பிறக்கும். ஈயம் உருக்கும் கருவியொன்றை வண்டியின் கம்பளத்தடியில் மறைத்துவைத்ததற்கு இஃது ஒப்பாகும்.

எனவே தடித்த செப்புக் கம்பியே வேண்டும். பற்றறியிலிருந்து ஒன்றரை அடிக்குள் உருகி ஒன்று இருத்தல் இன்றியமையாதது. கம்பி எங்கேனும் உராய்ந்து வண்டியின் இரும்பைத் தொட்டால், உருகி தன்னை அழித்து வண்டியைக் காக்கும். கட்டுமீறிய ஓட்டத்தின் கொடுமையைக் கந்தளாய்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1986 ஏப்ரல் 20ஆம் நாள் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை இவ்வூர் மறக்கவில்லை. எதிர்முனைக் கம்பியையும், வண்ணப்பூச்சு நீக்கிய உறுதியான இரும்பிலே இறுக்கிப் பூட்டுதல் நன்று.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒலிபெருக்கிகளின் நேர்முனையும் எதிர்முனையும் மாறினால், ஒன்று முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுக்கும், முழக்கம் மெலிந்துவிடும். விரியலாக்கியில் இணைக்குமுன், ஒன்றரை வோல்ற்றுச் சிறு மின்கலத்தை ஒலிபெருக்கியின் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பார்க்க. கூம்பு வெளியே தள்ளினால், கலத்தின் நேர்முனை தொட்டதே நேர்முனையாம்.

இவ்வளவும் செய்தபின் ஒலியை முழுதும் உயர்த்துவது அறிவுடைமையன்று. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணிநேரத்துக்கு மேற் கேட்டல் செவிக்குத் தீங்கு. மூன்று டெசிபெல் ஏறுந்தோறும் அக்காலம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்குப் பதினைந்து நிமிடமே எல்லை! அன்றியும், ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடைப்பட்ட வீதியை இரவிலே யானைகள் கடப்பதுண்டு. பின்வரும் வண்டியின் ஒலிப்பானையும், அருகிலிருக்கும் மனைவியின் எச்சரிக்கையையும் கேட்கும் அளவுக்கேனும் சாரதியின் செவி திறந்திருத்தல் வேண்டும்.

அளவறிந்து பாயும் நீரே விளைச்சல் தரும். அளவறிந்து ஒலிக்கும் இசையே இன்பம் தரும்.