எந்தப் பால் ஒத்துக்கொள்ளும்?



ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு வயிறு கெட்டுவிட்டால், வீட்டில் முதலில் குற்றஞ்சாட்டப்படுவது பால்தான். “இந்தப் பால் பிள்ளைக்குச் சேரவில்லை” என்று உம்மம்மா தீர்ப்புச் சொல்வார். மறுநாளே பாக்கெட் பால் நின்றுபோய்க் கறந்த பால் வரும். அதுவும் சேரவில்லையென்றால் எங்கிருந்தாவது ஆட்டுப்பால் தேடிப்பிடிக்கப்படும். அடுத்தபடியாக, வளைகுடாவிலிருந்து வாப்பா கொண்டு வந்த நிடோ டின் திறக்கப்படும். கடைசியில் மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் விலையுயர்ந்த டின் ஒன்று அலமாரியில் வந்து அமரும். இத்தனை மாற்றங்களுக்கும் நடுவே பிள்ளை இளைத்துக்கொண்டே போவதுதான் வேதனை.

பாலை மாற்றுமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பாலில் உள்ள எந்தப் பொருள் இந்தப் பிள்ளைக்குச் சேரவில்லை? அதற்கு விடை தெரியாமல் மாற்றும்போது, பெரும்பாலும் ஒரே பொருளையே வேறு வேறு பாத்திரங்களில் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்போம்.

பாலில் வயிற்றுக்குத் தொல்லை தரக்கூடியவை முக்கியமாக இரண்டு. ஒன்று லாக்டோஸ் எனப்படும் பால் சர்க்கரை. மற்றது பாலின் புரதம். இவ்விரண்டின் அடையாளங்களும் வேறு, பரிகாரங்களும் வேறு.

முதலில் சர்க்கரையைப் பார்ப்போம். பசும்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 4.5 முதல் 5 கிராம் வரை லாக்டோஸ் இருக்கிறது. எருமைப்பாலிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆட்டுப்பாலில் சற்றே குறைவு. வயிற்றுக்கு வேறுபாடு தெரியுமளவுக்குக் குறைவன்று. நாட்டு மாட்டுப் பாலுக்கும் சீமை மாட்டுப் பாலுக்கும் இந்த வகையில் வித்தியாசம் இல்லை. பால் பொடி என்பது நீர் வற்றிய பசும்பாலே. தண்ணீரைச் சேர்த்தவுடன் சர்க்கரையும் திரும்பி வந்துவிடுகிறது. ஆகவே லாக்டோஸ்தான் காரணமென்றால், மேலே சொன்ன நான்கு மாற்றங்களில் மூன்று வீண் அலைச்சலே.

இந்தச் சர்க்கரையைச் செரிக்கச் செய்யும் லாக்டேஸ் என்னும் நொதி, சிறுகுடலின் உட்சுவரில் வெல்வெட் துணியின் இழைகளைப் போல் நிற்கும் நுண்ணிய நீட்சிகளின் நுனியில் இருக்கிறது. ரோட்டா வைரஸ் போன்ற கிருமிகளால் வயிற்றுப்போக்கு உண்டாகும்போது, முதலில் சேதமடைவது அந்த நுனிகளே. எனவே பேதி நின்ற பிறகும் சில நாட்களுக்குப் பால் சரிவரச் செரிப்பதில்லை. செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது. வயிறு உப்புகிறது, வாயு பிரிகிறது, மலம் நுரைத்து, நீர்த்து, புளித்த வாடையுடன் போகிறது, ஆசனவாயைச் சுற்றிச் சிவந்து புண்ணாகிறது. பால் குடித்த அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் இவையெல்லாம் தொடங்கினால், காரணம் பெரும்பாலும் லாக்டோஸாகவே இருக்கும்.

இது நிலையான நோயன்று என்பதை அருள்கூர்ந்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். குடலின் உட்சுவர் தானே புதுப்பித்துக்கொள்ளும். சில பிள்ளைகளுக்கு ஒரு வாரம், சிலருக்கு மூன்று நான்கு வாரங்கள் ஆகலாம். நம் நாட்டுப் பெரியவர்கள் பலருக்குப் பால் சேராமல் இருப்பது உண்மை. ஆனால் அந்தக் குறை பெரும்பாலும் மழலைப் பருவம் கழிந்த பின்னரே தலைகாட்டுகிறது. பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாத பிள்ளைகள் மிக மிக அரிது. அவர்களுக்குத் தாய்ப்பாலின் முதல் நாட்களிலேயே தொல்லை தெரிந்துவிடும். ஆகவே பிறந்ததிலிருந்து பால் குடித்து நன்றாக வளர்ந்த பிள்ளையைப் பார்த்து, “இவனுக்குப் பாலே ஆகாது” என்று ஒரு மாதப் பேதியை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

மாலை வகுப்புக்கு மூத்த மகளை அழைத்து வரும் ஓர் உம்மா, ஒன்றேகால் வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, “எல்லாப் பாலையும் குடுத்துப் பாத்துட்டேன் ஆலிமா, ஒண்ணும் ஒத்துக்கலை” என்று சொல்லிக் கண் கலங்கினார். ஒன்றரை மாதமாகப் பேதி. அவரோடு குழந்தை மருத்துவரிடம் நானும் துணைக்குச் சென்றேன். எந்தப் பால் என்று மருத்துவர் முதலில் கேட்கவில்லை. “பாலைத் தவிர வேறு என்ன சாப்பிடுகிறான்?” என்பதே அவருடைய முதல் கேள்வி. ஒன்றுமில்லை என்பதே பதில். செரிக்கவேண்டுமே என்று பாலில் பாதித் தண்ணீர் கலந்து, பால்புட்டியில் நாளெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். இடையிடையே உடம்பில் தெம்பு ஏறட்டுமென்று கடையில் வாங்கிய ஆப்பிள் ஜூஸ். சோறும் மீனும் வயிற்றைக் கெடுக்கும் என்று நிறுத்திவிட்டார்கள். எடை ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது.

அந்தப் பிள்ளையைப் பாலைவிட அதிகமாக வருத்தியது பட்டினியே. ஜூஸில் உள்ள பழச்சர்க்கரையும் மலத்தை இளக்கக்கூடியது. அந்தப் பழியையும் பாலே சுமந்துகொண்டிருந்தது. மருத்துவர் ஜூஸையும் பால்புட்டியையும் நிறுத்தினார். குழைந்த சோற்றில் தயிரும் ஒரு கரண்டி எண்ணெயும் சேர்க்கச் சொன்னார். பருப்பு, மசித்த வாழைப்பழம், முட்டை ஆகியவற்றைத் திரும்பத் தொடங்கச் சொன்னார். பாலைத் தனியே கொடுக்காமல் கஞ்சியில் கலந்து சிறிதளவு கொடுக்கலாம் என்றார். பத்து நாட்களில் மலம் கட்டியது. விலையுயர்ந்த டின் எதுவும் தேவைப்படவில்லை.

தயிரின் மகிமை

தயிர் ஏன் ஒத்துக்கொள்கிறது? பாலை உறையச் செய்யும் கிருமிகள் லாக்டோஸின் ஒரு பகுதியைத் தாமே தின்றுவிடுகின்றன. எஞ்சியதைச் செரிக்கவும் குடலுக்குள் சென்று உதவுகின்றன. பாலிலுள்ள புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அப்படியே இருக்கின்றன. ஆகவே பேதி விட்ட பிள்ளைக்குத் தேடவேண்டிய ‘மாற்றுப் பால்’ நம் அடுப்படியிலேயே உறைந்துகொண்டிருக்கிறது. சளி பிடிக்கும் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். சளியைத் தருவது கிருமியே, தயிர் அன்று. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கொடுக்காமல், அன்று உறைந்த புளிக்காத தயிரைப் பகலில் சோற்றோடு பிசைந்து கொடுத்தால் உம்மம்மாவும் சமாதானமடைவார்.

பேதி தொடங்கிய முதல் நாளிலேயே பாலை நிறுத்துவது தேவையற்றது. தண்ணீர் கலப்பதும் தேவையற்றது, சத்துதான் பாதியாகும். அப்போது உயிரைக் காப்பது ஓ.ஆர்.எஸ். கரைசல். அதனுடன் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாட்களுக்குத் துத்தநாக மாத்திரை கொடுக்கவேண்டும். பேதி நின்றுவிட்டதே என்று நாலாம் நாளில் மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். குடல் குணமடைவதற்கே எஞ்சிய பத்து நாட்களும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவை கிடைக்கும். கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் பிரியாமல், பிள்ளை துவண்டு கிடந்தால் எந்தக் கைவைத்தியமும் வேண்டாம்; உடனே மருத்துவமனை. பேதி இரண்டு வாரங்களைக் கடந்தாலும் வீட்டுச் சோதனைகளை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லவேண்டும்.

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அதை எக்காரணத்தாலும் நிறுத்தாதீர்கள். அதில் லாக்டோஸ் பசும்பாலைவிட அதிகம், 100 மில்லிக்கு ஏறத்தாழ 7 கிராம். ஆயினும் பேதிக் காலத்திலும் பிள்ளைக்கு அது ஒத்துக்கொள்கிறது, நோயையும் எதிர்க்கிறது. பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்று அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் கூறுவதை நாம் அனைவரும் ஓதியிருக்கிறோம். இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் ஊட்டலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும். ஒரு வயதிலேயே பசும்பாலுக்கு முழுதும் மாற்றிவிட அவசரப்படும் வீடுகளில்தான் இந்த வயிற்றுத் தொல்லையை அதிகம் காண்கிறேன்.

புரதம் சேராதபோது

இனி மற்றதைப் பார்ப்போம். பால் புரத ஒவ்வாமை மிகச் சில பிள்ளைகளுக்கே உண்டு. ஆனால் உள்ளவர்களுக்கு அது விளையாட்டன்று. பால் பட்டவுடன் உதடு வீங்குதல், உடம்பெங்கும் தடிப்பு, கரப்பான், தொடர்ந்த வாந்தி, மூச்சில் இரைப்பு, மலத்தில் இரத்தமும் சளியும் ஆகியவை அதன் அடையாளங்கள். இங்கே தயிர் உதவாது; உறைந்தாலும் புரதம் புரதமே. ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் உதவா. அவற்றின் புரதங்கள் பசும்பாலின் புரதத்தை மிகவும் ஒத்திருப்பதால், பசும்பால் ஒவ்வாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. ரொட்டி, ரஸ்க், பிஸ்கட் ஆகியவற்றுக்குள்ளும் பால் பொடி ஒளிந்திருக்கும். புரதம் சிதைக்கப்பட்ட சிறப்புப் பால் மாவோ, சோயா மாவோ தேவையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும். அந்த விலையுயர்ந்த டின்னுக்கு உண்மையான வேலை இருக்கும் இடம் இதுதான். பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் வயதுக்குள் இந்த ஒவ்வாமையிலிருந்து விடுபடுகிறார்கள்.

ஆட்டுப்பாலைப் பற்றி இன்னொரு சொல். அதில் ஃபோலிக் அமிலம் மிகவும் குறைவு. அதையே முதன்மை உணவாகக் கொண்டு வளரும் பிள்ளைக்கு இரத்தசோகை வரும். மற்ற உணவுகளோடு ஒரு டம்ளர் குடிப்பதில் கேடில்லை. மருந்தென்று எண்ணி அதையே நம்பியிருப்பதில்தான் கேடு.

நலமாயிருக்கும் பிள்ளைக்கு எந்தப் பாக்கெட்? நிறங்கள் மாறக்கூடியவை, அச்சிட்டிருக்கும் கொழுப்பு அளவைப் படியுங்கள். சமன்படுத்திய பாலில் 3 சதவீதம், நிலைப்படுத்திய பாலில் 4.5, நிறைகொழுப்புப் பாலில் 6. இருமுறை சமன்படுத்திய பாலில் 1.5 மட்டுமே, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அது வேண்டாம். எருமைப்பாலில் கொழுப்பு மிகுதியாதலால் சில பிள்ளைகளுக்கு மந்தம் தட்டும். அவர்களுக்கு 3 சதவீதப் பாலே போதும்.

விளம்பரங்கள் வேறு விதமாகச் சொல்லும். ஆறு மாதத்துக்குப் பின் கொடுப்பதற்கென்று விற்கப்படும் ‘தொடர் பால்’ வகைகள் தேவையற்றவை என்று உலக சுகாதாரப் பேரவை 1986லேயே தீர்மானம் இயற்றியது. இரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கான பால் மாவுகளை விளம்பரப்படுத்துவதற்கு நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003இல் செய்த திருத்தமும் தடை விதிக்கின்றன. மருந்துக்கடைக்காரரின் வாய்மொழிப் பரிந்துரைக்குத்தான் தடை போட ஆளில்லை! மில்க்மெய்ட் போன்ற இனிப்புக் கெட்டிப்பாலைக் கரைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் பெரும்பங்கு சர்க்கரை. பிள்ளையின் பாலாக அது ஆகாது. தேங்காய்ப்பால் நம் இடியாப்பத்துக்கு அருமையானது. ஆனால் அதில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சொற்பம். பாதாம் பாலும் அவ்வாறே. பெயரில் மட்டும் பால்.

பால் நன்றாகச் சேர்ந்தாலும் நாளொன்றுக்கு 400 முதல் 500 மில்லிக்கு மேல் வேண்டாம். பாலில் இரும்புச் சத்து மிகமிகக் குறைவு. லிட்டர் கணக்கில் குடித்து வயிறு நிரம்பிய பிள்ளை சோற்றைத் தொடாது. கொழுகொழுவென்றிருந்தும் இரத்தம் வெளுத்துப்போகும், மலமும் இறுகும். ‘பாலாவது குடிக்கிறானே’ என்ற ஆறுதலில் எத்தனையோ தாய்மார்கள் இதைக் கவனிப்பதில்லை. பால் பிடிக்காத பிள்ளைக்குத் தேநீரில் ரஸ்க்கைத் தோய்த்துக் கொடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இருக்கிற இரும்புச் சத்தையும் உடலில் சேரவிடாமல் தேநீர் தடுத்துவிடும்.

சில வாரங்கள் பால் இல்லாமலே ஓட்டவேண்டியிருந்தால் அஞ்சவேண்டாம். 100 மில்லி பாலில் சுண்ணாம்புச் சத்து 120 மில்லிகிராம் அளவில் இருக்க, 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உள்ளது. கேழ்வரகை முளைகட்டி அரைத்து, துணியில் வடிகட்டிக் கூழாகக் காய்ச்சிக் கொடுங்கள். கடற்கரை ஊர்களில் நெத்திலிக்குப் பஞ்சமில்லை. முள்ளோடு மையாக மசித்துச் சோற்றில் கலந்தால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் ஒருங்கே கிடைக்கும்.

பேதி நின்று இரண்டு வாரங்கள் தயிரோடு நன்றாகக் கழிந்தபின், பாலைத் திரும்பத் தொடங்கலாம். முதல் மூன்று நாட்கள் காலைக் கஞ்சியில் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லி பால் மட்டும் கலந்து கொடுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். இரண்டு மணி நேரம் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். அடுத்த மலத்தைப் பாருங்கள். உப்புசமும் நுரையும் இல்லையென்றால் நாலாம் நாளிலிருந்து 60 மில்லி. பிறகு மூன்று நாட்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டலாம். தொல்லை தெரிந்தால் முந்தைய அளவுக்கே இறங்கி ஒரு வாரம் பொறுத்திருங்கள். ஒரு வேளைக்குக் கால் டம்ளர் அளவுக்கு மேல் போகும்போது, கஞ்சியிலிருந்து பிரித்து, உணவுக்குப் பின் சிறு டம்ளரில் தனியே கொடுக்கலாம். பால்புட்டியை மட்டும் திரும்ப வெளியே எடுக்காதீர்கள்.