ஆயா வேலைக்கு யார் வைத்த விலை?

காலை ஆறரை மணிக்கு வரும் டவுன் பஸ்ஸில் எங்கள் காலனிப் பெண்கள் கூட்டமாக ஏறுவார்கள். கட்டணமில்லாப் பயணம் வந்தபிறகு தூரத்து வேலைக்கும் போக முடிகிறது. முன்பு நடவுக்கும் களையெடுப்புக்கும் சித்தாள் வேலைக்கும் போனவர்களில் சிலர் இப்போது பைபாஸ் ரோட்டில் இருக்கும் முதியோர் இல்லத்தின் முன் இறங்குகிறார்கள். அங்கே அவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்தான், ஆயா.

அவர்களில் ஒரு அம்மாவிடம் சம்பளம் பற்றிக் கேட்டோம். "எட்டாயிரம் தர்றாங்க தம்பி. பீ மூத்திரம் அள்ளுற வேலைக்கு இதுக்கு மேல யாரு தருவா?" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. நியாயம் அதுதான் என்று நம்பிச் சொன்னார். அந்த நம்பிக்கைதான் எங்களைத் தூங்கவிடவில்லை.

அந்த அம்மா என்ன வேலை செய்கிறார்? எழுந்திருக்க முடியாத பெரியவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறார். புரட்டாவிட்டால் முதுகில் படுக்கைப்புண் வரும். புரையேறாமல் கஞ்சி ஊட்டுகிறார். நினைவு தப்பியவர் நடுராத்திரியில் கத்தினால் அடிக்காமல், கட்டிப்போடாமல் அமைதிப்படுத்துகிறார். மூத்திரப் பையில் நிறம் மாறினால் நர்ஸிடம் முதலில் சொல்வதும் அவர்தான். இதற்கெல்லாம் பயிற்சியும் பொறுமையும் வேண்டும். ஆனால் சம்பளம் போடும்போது மட்டும் இது யாரும் செய்யக்கூடிய வேலை ஆகிவிடுகிறது.

இந்த விலையை யார் வைத்தது? இதே கேள்வியை ஒரு பெண் நீதிமன்றத்தில் கேட்டு ஜெயித்திருக்கிறார். அது நடந்தது நியூசிலாந்தில். அந்தக் கதை நம் மக்களுக்குத் தெரிய வேண்டும்.

அவர் பெயர் கிறிஸ்டின் பார்ட்லெட். முதியோர் இல்லத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பராமரிப்பு வேலை பார்த்தவர். அத்தனை ஆண்டு உழைத்த பிறகும் அவருடைய கூலி மணிக்கு 14.46 டாலர்தான். அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 2012இல் தம் தொழிற்சங்கத்தின் துணையோடு அவர் வழக்குக்குப் போனார். அவர் கையில் எடுத்தது 1972ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம்.

இல்லத்தை நடத்திய நிறுவனம் சொன்ன பதில் கேட்பதற்குச் சரியாகவே இருந்தது. 'எங்களிடம் இதே வேலையைச் செய்யும் ஆண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே கூலிதான். இதில் பாகுபாடு எங்கே?' என்றது. அந்த ஆண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பெண்கள்.

பார்ட்லெட் தரப்பின் வாதம் வேறு. இது காலம்காலமாகப் பெண்கள் செய்யும் வேலை. அதனாலேயே வேலையின் விலை தாழ்ந்துவிட்டது. தாழ்ந்த விலையை அங்கிருக்கும் நாலு ஆண்களுக்கும் கொடுத்துவிட்டால் அது சமத்துவம் ஆகாது. இதே அளவு திறமையும் பொறுப்பும் உழைப்பும் வேண்டிய, ஆண்கள் செய்யும் வேலைக்கு வெளியே என்ன கூலி கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். 2013இல் வேலைவாய்ப்பு நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மனுவை விசாரணைக்கே எடுக்கவில்லை.

தீர்ப்பு வந்தால் போதுமா? கூலி கைக்கு வர வேண்டுமே. அங்கே முதியோர் இல்லங்களுக்குப் பெரும்பகுதிப் பணம் அரசிடமிருந்துதான் போகிறது. ஆகவே அரசும் இல்லங்களும் சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டியதாயிற்று. 2017இல் உடன்பாடு வந்தது, அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது. ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் 200 கோடி டாலர், பயன்பெற்றவர்கள் ஏறத்தாழ 55,000 பேர். 2017 ஜூலை 1 முதல் புதிதாகச் சேர்பவருக்கே மணிக்கு 19 டாலர். பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு 23.50 டாலர். அனுபவத்துக்கும் படிப்புக்கும் தக்கபடி படிநிலைகள் வகுத்தார்கள். பணியாளர் அந்தப் படிப்பைப் படிக்க முதலாளி உதவ வேண்டும் என்றும் சட்டத்தில் எழுதினார்கள். அந்த உயர்வால் பயன்பெற்றவர்களில் இந்தியாவிலிருந்து அந்த வேலைக்குப் போனவர்களும் உண்டு.

கதை அங்கே சுபமாக முடியவில்லை. கூலி கூடியதும் சில இடங்களில் வேலை நேரத்தைக் குறைத்தார்கள். ஐந்து ஆண்டு முடிந்தபின் விலைவாசி ஏறிய வேகத்துக்குக் கூலி ஏறவில்லை. சங்கங்கள் மறுபடியும் கோரிக்கை வைத்தன. 2025 மே மாதம் அந்நாட்டு அரசு, பொதுமக்கள் கருத்தைக் கேட்காமல் அவசர நடைமுறையில் சட்டத்தைத் திருத்தியது. நிலுவையில் இருந்த 33 கோரிக்கைகள் ஒரேயடியாக ரத்தாயின. பராமரிப்புப் பணியாளர்களின் கோரிக்கையும் அதில் போயிற்று. வாங்கிய உரிமையைக் காவல் காக்கச் சங்கம் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் தேவையில்லை.

சரி, இதைத் தலித் மக்கள் பக்கத்தில் ஏன் எழுதுகிறோம்? அங்கே பெண் என்பதால் தாழ்ந்த விலை, இங்கே பெண் என்பதாலும் சாதியாலும் தாழ்கிறது. நாங்கள் போய்ப் பார்த்த இல்லங்களில் சமையலறையில் நிற்பவர் ஒரு சாதி. கழிவறையிலும் கட்டிலருகிலும் நிற்பவர் வேறு சாதி. தன் உடம்பைக் கழுவிவிடும் கையால் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடிக்க மறுக்கும் பெரியவரையும் பார்த்திருக்கிறோம். சாதி என்பது வேலைகளை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்யும் மனிதர்களையே மேல் கீழாகப் பிரிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே விளக்கினார். மலம் அள்ளும் வேலை யாருடைய தலையில் கட்டப்பட்டது என்பது நமக்குத் தெரியும். அந்த வேலைக்கு வைத்த பழைய விலைதான் முதியோர் இல்லத்து வாசலைத் தாண்டி உள்ளேயும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

நம் சட்டம் என்ன சொல்கிறது? ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்கிறது அரசியல் சட்டத்தின் 39ஆவது பிரிவு. 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. ஆண் சுருக்கெழுத்தாளரைவிடக் குறைவாகச் சம்பளம் வாங்கிய பெண் சுருக்கெழுத்தாளர் ஒருவருக்கு 1987இல் உச்ச நீதிமன்றம் நியாயம் வழங்கியது. ஆனால் கவனியுங்கள், அங்கே ஒப்பிட்டுக் காட்ட அதே வேலை செய்யும் ஓர் ஆண் இருந்தார், அவருக்குச் சம்பளமும் கூடுதல். நம் ஆயாக்கள் யாரைக் காட்டுவது? இல்லத்தில் அந்த வேலை செய்பவர் எல்லோருக்கும் ஒரே குறைந்த கூலிதான்.

1976 சட்டத்தின் இடத்தில் இப்போது ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 இருக்கிறது. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிலும் 'அதே வேலை அல்லது அதையொத்த வேலை' என்றுதான் இருக்கிறது. பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கிறது. சாதி என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. சாதியால் விலை தாழ்ந்த வேலையை அந்த அளவுகோலால் அளக்கவே முடியாது.

அந்தத் தொகுப்பில் நமக்குப் பயன்படும் ஒன்றும் உண்டு. முன்பு அரசுப் பட்டியலில் இருந்த தொழில்களுக்கு மட்டும்தான் குறைந்தபட்ச ஊதியம். இனி எல்லா வேலைக்கும் உண்டு. சம்பளச் சீட்டு தர வேண்டும். கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு ஒரே சம்பளம் வாங்கும் நம் அம்மாக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இல்லம் நடத்துகிறவர்கள் எல்லோரும் கொள்ளைக்காரர்கள் அல்லர். நன்கொடையை நம்பிச் சிறிய இல்லம் நடத்துகிறவர்கள், 'கூலியைக் கூட்டினால் பெரியவர்களுக்குச் சோறு போட முடியாது' என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தச் செலவை ஆயாவின் வயிற்றிலிருந்து எடுக்க யாருக்கும் உரிமை இல்லை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபது வயது கடந்தவர். மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற 150 முதியவர்கள் தங்கும் இல்லத்தை அரசு ஏற்படுத்தலாம் என்கிறது 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம். அவர்களைத் தூக்கி உட்கார வைக்கும் கைக்கு என்ன கூலி என்று அந்தச் சட்டம் பேசவில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. முதியோர் பராமரிப்பைத் திறன் உள்ள வேலையாக அரசு அறிவிக்க வேண்டும். மருத்துவமனைப் பணி உள்ளிட்ட வெளி வேலைகளோடு ஒப்பிட்டுக் கூலி நிர்ணயிக்க வேண்டும். அனுபவத்துக்கு ஏற்ற படிநிலை வேண்டும். அரசு மானியம் பெறும் இல்லம் என்றால் அந்தக் கூலியைக் கொடுத்ததற்கான கணக்கைக் காட்ட வேண்டும். கூலிக்குத் தேவையான பணத்தை மானியத்திலேயே சேர்த்துக் கொடுக்க வேண்டும். சாதி பார்த்து வேலை பிரிக்கும் இல்லத்துக்கு மானியம் கூடாது.

கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் இல்லத்து வேலைக்குப் போகிறவர் யார் என்று பாருங்கள். எத்தனை மணி நேரம் நிற்கிறார், எவ்வளவு வாங்குகிறார், சம்பளச் சீட்டு உண்டா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நாலு பேர் சேர்ந்தால் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்கு மனு எழுதலாம். தனியாகப் போனால் வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. அதனால்தான் சேர்ந்து போகச் சொல்கிறோம்.

அந்த அம்மாவிடம் பார்ட்லெட்டின் கதையைச் சொன்னோம். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தம்மாவும் பீ மூத்திரம் அள்ளுனவங்கதானா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். "இருபது வருசம் அள்ளிட்டுத்தான் கேட்டாங்களா? எனக்குப் பதினோரு வருசம் ஆச்சு," என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலனி அரசமரத்தடியில் கூடலாம் என்று சொல்லியிருக்கிறோம். உடன் வேலை பார்க்கும் மூன்று பேரை அழைத்து வருவதாக அவரே சொன்னார்.