பல கோர்களும் ஒரே தராசும்

பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்திலும், இடுக்கியின் மூணாறு, தேவிகுளம், பீருமேடு மலைப்புறங்களிலும் தமிழ் வழியில் பயிலும் பிள்ளைகளின் கணினிக்கூடங்களில், 2001-இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி 2017-இல் கைட் என்ற ஸ்தாபனமாக வளர்ந்த கேரள அரசின் முயற்சியால் வேரூன்றியிருப்பது, லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம். அதன் டெர்மினலில் ‘டாப்’ என்று தட்டி, பிறகு 1 என்ற விசையை அழுத்தினால், செயலிக்குள்ளிருக்கும் கோர்களில் எது உழைக்கிறது, எது சும்மா இருக்கிறது என்பது வரிவரியாகத் தெரியும்; சில செயலிகளில் ஒரே கோர் இரண்டு வரிகளாகத் தோன்றுவதும் உண்டு.

ஒரே கோரின் வேகத்தை ஆண்டுதோறும் உயர்த்திக்கொண்டே போன செயலித் தொழில், அதனால் விளைந்த உஷ்ணத்தைத் தாங்கமாட்டாமல், 2005 வாக்கில் மேஜைக் கணினிகளிலும் ஒன்றுக்கு இரண்டு கோர்களை வைக்கத் தலைப்பட்டது. ஆனால் கோர்களைப் பெருக்குவது வேறு, அவற்றுக்கு வேலை பங்கிடுவது வேறு. பங்கிடும் பொறுப்பு இயங்குதளத்தின் ஷெட்யூலரைச் சார்ந்தது. 2003-இல் வெளியான லினக்ஸ் 2.6 முதல், கோர் ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை உண்டு. ஒரு வரிசை நீண்டு மற்றொன்று காலியாகக் கிடந்தால், பணிகள் இடம் மாற்றப்படும். எனினும், ஒரு பணிக்கு வேண்டிய தரவு ஏற்கெனவே ஒரு கோரின் கேஷ் என்னும் விரைவு நினைவகத்தில் சேர்ந்திருக்க, அதைப் பெயர்த்து வேறிடம் கொண்டுபோனால் அத்தரவை மறுபடி திரட்ட நேரம் பிடிக்குமாதலால், ஷெட்யூலர் அவசியமின்றி எதையும் நகர்த்துவதில்லை. இந்த விவேகமே அதன் உயர்ந்த குணம் என்பது என் அபிப்பிராயம்.

பங்கீட்டைக் காட்டிலும் கடினமானது, பொதுச் சொத்தைக் காப்பது. இரண்டு கோர்கள் ஒரே கணத்தில் ஒரே பட்டியலைத் திருத்தப் புகுந்தால் அது சிதைந்துபோகும். இதைத் தடுக்க, பல செயலிகளை முதன்முதலாக ஆதரித்த 1996-ஆம் ஆண்டின் லினக்ஸ் 2.0, இயங்குதளத்தின் மையமான கர்னல் முழுவதற்கும் ஒரே பூட்டை வைத்தது. தேயிலைக் காட்டில் எத்தனை பேர் கொழுந்தெடுத்தாலும், நிறுப்பதற்கு ஒரே தராசு இருந்தால் எல்லாரும் அதன் முன் காத்து நிற்கத்தானே வேண்டும்! அந்தப் பெரும் பூட்டைச் சிறுசிறு பூட்டுகளாகப் பிரித்து, கர்னலின் மூலை முடுக்கெல்லாம் சோதித்து, 2011-இல் 2.6.39 பதிப்பில் அறவே அகற்றுவதற்குப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. ஆரவாரமில்லாத இந்த உழைப்பின் பயனைத்தான் நம் பிள்ளைகள் அனுபவிக்கிறார்கள். மூலநிரல் எவருக்கும் திறந்திருப்பதால், விருப்பமுள்ள மாணவி ஷெட்யூலரின் வரிகளையே வாசித்துப் பார்க்கலாம் என்பது எவ்வளவு பெரிய பாக்கியம்!

இயங்குதளத்தின் சாமர்த்தியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு வேலையில் பிரிக்க இயலாத பகுதி எவ்வளவோ, அவ்வளவுக்கு வேகமும் கட்டுண்டது என்று கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-இலேயே எடுத்துக்காட்டினார். பிளெண்டர் என்ற மென்பொருளில் ஓர் அனிமேஷன் காட்சியைச் செயலியைக் கொண்டே ரெண்டர் செய்யும்போது, படத்தின் பகுதிகள் தனித்தனியே கணிக்கத்தக்கவையாதலால் ‘டாப்’ திரையின் வரிகள் எல்லாமே உச்சத்தைத் தொடும். வகுப்பில் எழுதிய சாதாரண பைத்தான் லூப்பை ஓட்டினாலோ, ஒரு வரி மட்டும் நூறை நெருங்கும். அந்நிரல் ஒரே இழையாக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஒரே கட்டளைத் தொடராக, எழுதப்பட்டது. அதைக் கூறுபோட இயங்குதளத்துக்கு வழியில்லை. பல இழைகளாக எழுதினாலும் பைத்தானுக்குள்ளேயே ஒரு பொதுப் பூட்டு இருந்து வழிமறிக்கும். அதை விலக்கும் பரிசோதனை வடிவம் 2024-இல் வந்த 3.13 பதிப்பில் இடம்பெற்றது.